பாவெலின் அட்டை

பரிசளிப்பு விழா என்றால் நம் பாடசாலைகளில் ஒரு குறள் தவறாமல் மேடையேறும். ஆள்வினையுடைமை அதிகாரத்தைச் சேர்ந்த குறள் அது. பொறியில்லாமை எவர்க்கும் பழியாகாது, அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்பது அதன் கருத்து. மலையேறி வந்த சிறப்பு விருந்தினர், கால் வளைந்த சிறுவனையோ கண் மங்கிய சிறுமியையோ அருகே அழைத்து நிறுத்தி, இக்குறளை முழங்கி, மண்டபம் அதிரக் கைதட்டல் பெற்று, தேநீர் அருந்திப் புறப்பட்டு விடுவார். பிள்ளையின் கையில் ஒரு கொப்பிக் கட்டும் ஒரு சான்றிதழும் எஞ்சும்.

அக்குறளில் வரும் 'பொறி' என்பதற்குப் பரிமேலழகர் கொண்ட பொருள் விதி. பயனைத் தரும் ஊழ் இல்லாமை பழியன்று என்பதே அவர் உரை. கண், காது, கை, கால் எனப் பிற்காலத்தார் பலர் பொருள் கொண்டனர். எவ்வுரை சரி என்று இங்கு வழக்காட நாம் வரவில்லை. மேடையில் அக்குறள் செய்யும் வேலை என்ன என்பதே நம் கேள்வி. குறளின் முன்பாதி பிள்ளைக்கு ஆறுதல் கூறுகிறது. பின்பாதியோ பழி முழுவதையும் அப்பிள்ளையின் தலையிலேயே சுமத்துகிறது. இனி அவன் முன்னேறினால் அது அவனுடைய முயற்சி. முன்னேறாவிட்டால் அவனுடைய முயற்சியின்மை. பாடசாலைக்கும் தோட்டத்துக்கும் அரசுக்கும் அவ்வாக்கியத்தில் இடமே இல்லை. வள்ளுவர் இதற்காக அதனை எழுதவில்லை என்று நாம் நிச்சயமாக நம்புகிறோம்.

இவ்விதழின் வாசகருள் பெரும்பாலோர் ஆசிரியர்கள், எஞ்சியோர் மாணவர்கள். இலக்கிய விமர்சனத்துக்கு ஒதுக்கப்பட்ட பக்கத்தில் இத்தகைய மாணவரின் எதிர்காலத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என அவர்கள் கேட்கக்கூடும். நம் விடை இது: உடற்குறையுள்ள மனிதனைப் பற்றி நம் இலக்கியம் எந்த இடத்தில் கதையை முடித்து வந்ததோ, அதே இடத்தில்தான் நம் பாடசாலைகளும் அவனைக் கைவிடுகின்றன. பழக்கம் ஒன்றே, இரண்டு கட்டடங்களில் குடியிருக்கிறது.

புறநானூற்றின் 28 ஆம் பாட்டை எடுத்துக் கொள்வோம். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடியது. பார்வையற்றோர், வடிவற்ற தசைப்பிண்டம், கூனர், குறளர், பேசாதோர், கேளாதோர், விலங்கொத்த வடிவினர், அறிவு மயங்கியோர் என எட்டு வகையினரை வரிசைப்படுத்தி, இவை அனைத்தும் எச்சங்கள் என்றும், இப்பிறவிகளால் ஊதியம் இல்லை என்று முன்னோர் கூறினர் என்றும் புலவர் சொல்கிறார். அரசனுக்கு அறிவுரை கூற வந்தவர் வழியில் இப்பட்டியலை ஓர் எடுத்துக்காட்டாக வைத்துப் போகிறார். அவர் நோக்கம் வேறு. ஆயினும் 'ஊதியம்' என்ற அச்சொல் நம்மை நிறுத்துகிறது. அன்று அதற்குப் பயன் என்று பொருள். இன்று சம்பளம் என்று பொருள். பொருள் மாறிய போதும் கணக்கு மாறவில்லை. இவ்வுடலால் என்ன கிடைக்கும் என்று கேட்டு, ஒன்றும் கிடைக்காதெனின் எச்சம் என்று ஒதுக்கும் கணக்கு அது.

இடைக்கால இலக்கியத்தில் நொண்டி நாடகம் என்றொரு வகையே தோன்றிற்று. சீதக்காதி நொண்டி நாடகம், திருச்செந்தூர் நொண்டி நாடகம் முதலியன அவ்வகையின. வாய்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். களவும் காமமுமாகத் திரிந்தவன் குதிரை திருடப் போய் அகப்படுகிறான், கால் வெட்டப்படுகிறது, வருந்தி வழிபடுகிறான், கால் மீள்கிறது. உடற்குறை தண்டனை, உடல் முழுமை பரிசு. இவ்விரண்டுக்கும் நடுவே, மீளாத காலோடு ஒருவன் நாற்பது ஆண்டுகள் எப்படிச் சோறு தேடினான் என்ற கதைக்கு அங்கே இடமில்லை. நொண்டியின் நடைக்குப் பொருந்த அமைந்த சிந்தைத் தமிழ் யாப்பு ஆர்வத்தோடு ஏற்றுக் கொண்டது. பாரதியார் 'பாஞ்சாலி சபத'த்தில் அதனைக் கையாண்டார். நடைக்குக் கிடைத்த மரியாதை நடந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

பழையோரைக் குறை கூறுவது எளிது. நம் அணியினரையும் பார்ப்போம். மூடநம்பிக்கையைச் சாட 'குருட்டு நம்பிக்கை' என்றோம். உரிமை கேளாத மக்களை 'ஊமைச் சனங்கள்' என்றோம். சரியாத ஆட்சியைச் சாய்க்க 'நொண்டி அரசு' என்று தலைப்பிட்டோம். முற்போக்குக் கவியரங்குகளில் இச்சொற்களுக்குக் கைதட்டியவர்களில் நாமும் ஒருவர். முன்வரிசையில் அமர்ந்திருந்த ஊன்றுகோல்காரர் அவ்வேளை கைதட்டினாரா என்று நாம் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது 'மாற்றுத்திறனாளி' என்ற நல்ல சொல் வந்திருக்கிறது. அதனை வரவேற்கிறோம். ஆயினும், பெயரை மாற்றியவுடன் கடமை முடிந்ததாக எண்ணும் நிம்மதி ஒன்று அதனோடு கூடவே வந்திருப்பதையும் காண்கிறோம்.

நாம் வாழும் மண்ணில் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. ஹேவாஹெட்டவைச் சுற்றியுள்ள மலைகளில் தேயிலையின் வரலாறே தொடங்குகிறது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டம் நமக்கு அயலில் உள்ளது. 1940 ஜனவரியில், கூலி உயர்வு கோரிய போராட்டத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட முல்லோயாத் தோட்டமும் இப்பகுதியதே. ஒருநாள் உழைப்பின் விலை என்ன என்ற கேள்விக்காக இரத்தம் சிந்திய மண் இது. இங்கே ஒரு நாள் வேலை ஒரு 'பேர்'. விதித்த அளவு கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். கையும் காலும் கண்ணும் முழுவேகத்தில் இயங்கினால்தான் ஒருவனுக்குப் பேரே உண்டு என்ற வழக்கு மனித குலத்தின் எந்த மொழியில் இவ்வளவு அப்பட்டமாக இருக்கிறதென்று தெரிந்தவர்கள் கூறட்டும்! பிறவியிலேயே ஒரு கை வலுவற்ற பெண்பிள்ளைக்குப் பதினாறு வயதில் தோட்டம் கொடுக்கக் கூடியது என்ன? அரைப் பேர்கூட இல்லை.

மலையக இலக்கியம் இவ்வுழைப்பை நன்றாகவே அறியும். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கொழுந்தெடுக்கும் பெண்ணின் கைத்திறனை இலக்கியமாக்கிற்று. அக்கதையைத் தரம் பத்தில் கற்பிக்கும் ஒவ்வொரு முறையும் வகுப்பு உயிர் பெற்றெழும். தம் தாயின் விரல்கள் ஏட்டில் ஏறியிருப்பதை மாணவர் உணர்வர். ஆனால் அவ்விரல்கள் இல்லாத தாயைப் பற்றிய கதையை நாம் படித்தவரையில் தேட வேண்டியிருக்கிறது. சுரண்டப்படும் கை நமக்கு இலக்கியமாயிற்று. சுரண்டலுக்கும் உதவாதென்று தள்ளப்பட்ட கை இன்னும் ஆகவில்லை. கவ்வாத்துக் கத்தியும் தொழிற்சாலை உருளையும் மழையில் வழுக்கும் படிகளும் எத்தனை உடல்களைக் குறைத்திருக்கின்றன என்பதை அறிந்த எழுத்தாளர்களிடமே இதைக் கேட்கிறோம்.

தமிழகத்தில் இத்திசையில் துணிந்து சென்ற நாவல் ஒன்று உண்டு. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' 2003 இல் வெளிவந்தது. ஆசிரியரோடு நாம் பல இடங்களில் மாறுபடுவோம். அது வேறு கட்டுரைக்குரியது. உடற்குறையுள்ளோரைப் பிச்சைக்கு அமர்த்தி வாங்கி விற்கும் வணிகத்தை அந்நாவல் மறைப்பின்றிக் காட்டுகிறது. அவ்வணிகத்தின் வாயில் அம்மனிதருக்குப் பெயர் 'உருப்படி'. தோட்டத்தின் 'பேர்' என்னும் சொல்லுக்கு இது உடன்பிறப்பு. ஊதியம் இல்லை என்று சாத்தனார் சுட்டிய உடல்களிலிருந்தே ஊதியம் கறக்கும் வழியை முதலாளி கண்டுபிடித்து விட்டான் என்பதை இந்நாவல் போல் தமிழில் வேறெதுவும் சொல்லவில்லை. எனினும், அதை மூடி வைக்கும்போது நமக்கு மிஞ்சுவது அதிர்ச்சிதான். அதிர்ந்தவன் தூங்கப் போகிறான். மறுநாள் வகுப்புக்கு வந்தால் அதே முன்வாங்கில் அதே பிள்ளை அமர்ந்திருக்கிறது.

ஹெலன் கெல்லரையும் பாடநூல்கள் இவ்வாறே நறுக்கி வைத்துள்ளன. நீர்க்குழாயடியில் ஆசிரியை கையில் எழுதிக் காட்ட, 'நீர்' என்ற சொல்லைச் சிறுமி கண்டுகொண்ட காட்சியை நாமெல்லோரும் படித்தோம். அது 1887 இல் நடந்தது. அப்போது அவருக்கு வயது ஆறு. 1904 இல் அவர் பட்டம் பெற்றார். 1909 இல் அமெரிக்க சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். பார்வையிழப்பில் பெரும்பகுதி தொழிற்சாலை நிலைமைகளாலும் முதலாளிகளின் பேராசையாலும் விளைவது என்று எழுதினார். தம் வாழ்வில் தாம் பெற்ற வாய்ப்புக்கள் எல்லோர்க்கும் எட்டாதவை என்பதை வெளிப்படையாக ஒப்புக் கொண்டார். பின்னும் நெடுங்காலம் வாழ்ந்த அப்பெண்மணியைப் பாடநூல் ஆறு வயதிலேயே நிறுத்தி விட்டது. குழாயடியில் நிற்கும் குழந்தை யாருக்கும் தொல்லை தருவதில்லையன்றோ?

இனி நம் சொந்தத் தவறுக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கரும்பலகையை வாசிக்க இயலாத மாணவன் ஒருவன் நம் வகுப்பிலிருந்தான். நினைவாற்றல் மிக்கவன். ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும். மறுநாள் அவ்வாறே திருப்பிச் சொல்வான். அவனை நாம் அளவு கடந்து புகழ்ந்தோம். அவனுக்கு ஊக்கம் தரவென்றே நிகலாய் ஓஸ்திரோவ்ஸ்கியின் 'வீரம் விளைந்தது' நாவலை வகுப்பில் கதையாகச் சொன்னோம். முற்போக்கு வாசகர்க்கு அதனை அறிமுகம் செய்யத் தேவையில்லை. உள்நாட்டுப் போரிலும் கட்டுமானப் பணியிலும் உடலைத் தேய்த்த பாவெல் கர்ச்சாகின், உடல் முடங்கிப் பார்வையும் இழந்த பின், பேனாவை ஏந்தி மீண்டும் அணிவகுப்பில் சேர்கிறான். 1904 இல் பிறந்து 1936 இல் மறைந்த ஓஸ்திரோவ்ஸ்கி தம் வாழ்க்கையையே பாவெலாக்கினார். கண்ணில்லாமல் எழுதும்போது வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதிருக்க, கீற்றுக்கீற்றாய் வெட்டிய அட்டையொன்றைத் தாளின்மீது வைத்துப் பாவெல் எழுதுவதை நாம் சொன்னபோது வகுப்பில் சிரிப்பு எழுந்தது. 'அட்டை' என்றதும் நம் மாணவர்க்கு நினைவு வருவது மழைக்காலத்தில் காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டை! சிரிப்பு அடங்கிய பின் அம்மாணவன் எழுந்து கேட்டான்:

“அந்த அட்டைய யாரு சேர் வெட்டிக் குடுத்தாங்க?”

கேள்வி நமக்குச் சில்லறையாகத் தோன்றிற்று. கதையின் உச்சத்தைக் கெடுக்கிறானே என்ற எரிச்சல்கூட எழுந்தது. விடை கூறாமல் பாவெலின் நெஞ்சுரத்தை நோக்கிக் கதையை நடத்திச் சென்றோம்.

அவ்வாண்டு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வந்தது. உடற்குறையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெயில் வினாத்தாள், சொல்வதை எழுதும் உதவியாளர் ஆகிய வசதிகளைப் பரீட்சைத் திணைக்களம் வழங்குகிறது. மருத்துவச் சான்றுடன் பாடசாலை வழியாக உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாம் விண்ணப்பிக்கவில்லை. விதி இருப்பதை அரைகுறையாகவே அறிந்திருந்தோம். தேதி கடந்த பின்னரே முழுதும் அறிந்தோம். தமிழிலும் வரலாற்றிலும் வாய்மொழியாக வகுப்பை வென்ற அவன், வினாத்தாளை முகத்தோடு ஒட்டி வைத்து எழுத்தெழுத்தாய்த் தேடிக் கொண்டிருக்க, நேரம் முடிந்து போயிற்று. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் சித்தியடையவில்லை. இன்று லயத்து வாசலில் அமர்ந்து அண்ணன் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்கிறான். வழியில் கண்டால் குரலைக் கொண்டே நம்மை அடையாளம் கண்டு வணக்கம் சொல்கிறான். குறை சொல்வதில்லை. அதுவே நமக்குச் சுமையாயிருக்கிறது.

அதன் பின்னரே நாவலைத் திரும்பப் படித்தோம். முன்பு நம் கண்ணுக்குப் படாதவை யாவும் அங்கே அச்சில் இருந்தன. பாவெலுக்கு அட்டை இருக்கிறது. அவன் சொல்லச் சொல்ல எழுத அயல் வீட்டுப் பெண் காலியா வருகிறாள். மனைவி தாயா உழைத்து வீட்டைத் தாங்குகிறாள். தோழர்களுக்கு அனுப்பிய கையெழுத்துப் பிரதி திரும்பும் வழியில் தபாலில் தொலைந்து, மாதக்கணக்கான உழைப்பு பாழாகிறது. தொடக்கத்திலிருந்து மீண்டும் எழுதச் சுற்றியிருப்போர் துணை நிற்கிறார்கள். நெஞ்சுரம் இல்லையென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்நெஞ்சுரம் தாளில் எழுத்தாவதற்குக் கீற்று வெட்டிய அட்டையும் ஒரு பெண்ணின் மாலை நேரங்களும் தேவைப்பட்டன என்பதை ஓஸ்திரோவ்ஸ்கி ஒளிக்கவில்லை. ஒளித்தவர்கள் விமர்சகர்களாகிய நாமே. வீரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியோர் அட்டையை ஒரு சிறு விவரமாக ஒதுக்கினர். பொருளியல் அடிப்படையைத் தேடுவதே தம் முறை என்று சொல்லிக் கொள்ளும் நம் விமர்சனம், ஓர் அட்டையளவு பொருளைக் காணத் தவறியது வேடிக்கைதான்.

சட்டங்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. அரச சேவை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை உடற்குறையுள்ளோர்க்கு ஒதுக்க வேண்டும் என்ற 27/88 ஆம் இலக்கச் சுற்றறிக்கை 1988 இல் வந்தது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வேலைக்குச் சேர்ப்பதிலும் கல்வி நிலையங்களில் அனுமதிப்பதிலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. 2003 இல் தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் உறுதிப்படுத்தியது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர், அதாவது பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டோர், பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் ஏதேனுமொரு சிரமம் உள்ளவர்கள். மூன்று சதவீத ஒதுக்கீட்டின் வாயிலில் நிற்க வேண்டுமாயின் முதலில் சாதாரண தரச் சித்தி வேண்டும். அச்சித்திக்குப் பெரிய எழுத்து வினாத்தாள் வேண்டும். வினாத்தாளுக்கு மருத்துவச் சான்று வேண்டும். சான்றுக்குத் தாய் ஒருநாள் பேரை இழந்து பிள்ளையோடு கண்டிக்குப் போக வேண்டும். கொழும்பில் இயற்றிய சட்டம் ஹேவாஹெட்ட லயத்தில் வந்து முடியுமிடம் அந்த ஒருநாள் பேர். அதை யார் ஈடு செய்வது? கட்டாயக் கல்வி பதினாறு வயது வரை என்று விதித்த அரசு, பதினாறாம் வயதின் மறுநாளைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆதலின் ஆசிரியர்களாகிய நம் வேலை சாதாரண தர வகுப்பில் தொடங்கினால் காலம் கடந்ததாகும். தரம் ஒன்பதிலேயே பிள்ளையோடும் பெற்றோரோடும் அமர்ந்து, உனக்கு என்ன பிடிக்கும், எதைச் செய்ய இயலும், எதைச் செய்ய என்ன துணை வேண்டும் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். பெரும்பாலும் இக்கேள்வியைப் பிள்ளையிடம் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். தாயிடமே கேட்பார்கள், அதுவும் பிள்ளையின் முன்னிலையில், பிள்ளை அங்கில்லாதது போல. தேசிய அடையாள அட்டை, மருத்துவச் சான்று, பரீட்சை விண்ணப்பம் ஆகியவற்றின் தேதிகள் அதிபரின் மேசையில் இருக்க வேண்டும். தனியே பேருந்தில் ஏறிக் கண்டிக்குப் போய் வருவதும், தன் தேவையைத் தானே எடுத்துச் சொல்வதும் பாடங்களே. திருக்குறளுக்குக் குறைந்த பாடங்கள் என்று நாம் கருதவில்லை. இவ்வளவும் செய்தாலும், லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு ஏறும் படிகள் அப்படியே இருக்குமாயின் பாதி வேலை வீணாகும். படிகளைத் திருத்துவது தமிழாசிரியர் வேலையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் அதனைக் கோரிக்கையாக வைப்பது யார் வேலை என்று நாம் திருப்பிக் கேட்டோம்.

எழுத்தாளர்களிடம் நாம் கேட்பதும் பெரிதன்று. உடற்குறையுள்ள பாத்திரத்தைத் தியாகியாக்கவும் வேண்டாம். இறுதி அத்தியாயத்தில் கொல்லவும் வேண்டாம். கதையைச் சற்று நீட்டுங்கள். பரீட்சை முடிவு வந்த மறுநாள் காலையில் அவன் எங்கே போனான், பேருந்தில் எப்படி ஏறினான், நேர்முகத்தில் யார் எதிரே அமர்ந்திருந்தார், என்ன மொழியில் கேட்டார், முதற் சம்பளத்தில் என்ன வாங்கினான் என்று எழுதுங்கள். அட்டையை யார் வெட்டியது என்றும் எழுதுங்கள்.

இவ்வாண்டு தரம் பத்தில் இடது கை வலுவற்ற மாணவி ஒருத்தி இருக்கிறாள். மேலதிக நேரத்துக்கான பத்திரங்களை இப்போதே திரட்டத் தொடங்கி விட்டோம். கணினியா தையலா என்று அவளுக்கு இன்னும் முடிவில்லை. ஒற்றைக் கையால் தையல் முடியாது என்று சொல்பவர்கள் அவள் கொப்பிக்கு உறை போடுவதைப் பார்த்ததில்லை. வரும் கிழமை அவளும் தாயும் நாமுமாகத் தலாத்துஓயா வழியாகக் கண்டிக்குப் போய், அங்கே பேருந்து மாறி, வத்தேகமையில் சமூக சேவைகள் திணைக்களம் நடத்தும் தொழிற்பயிற்சி நிலையத்தைப் பார்த்து வர எண்ணியிருக்கிறோம். தாயின் அன்றைய பேருக்கு ஆசிரியர் அறையில் பணம் சேர்த்திருக்கிறோம். அங்கே தமிழில் சொல்லித் தருவார்களா என்று மாணவி கேட்டாள். போனதும் முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்று அவளிடமே சொல்லியிருக்கிறோம். கேட்கப் போவதும் அவள்தான்.